எட்டாவது பிடி அரிசி

இந்தக் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன். பாதிக்கு வருவதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிடும். ஆத்திரம் அப்படி. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி எங்கள் வைத்திய மடம். அதற்குத் தலைவி உலகம்மை. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. நாங்கள் எல்லாரும் அம்மா என்போம். நாடி பிடித்தால் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று சொல்லிவிடுவார். கோபம் வந்தால் முந்தாநாள் சாப்பிட்டதும் மறந்துபோகிற மாதிரி திட்டுவார்.

சீடர் சொரிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் ஆறாத புண்ணோடு வந்தார். புண் ஆறியதும், இனிமேல் இதுதான் எனக்கு ஊர் என்று வைத்தியம் படிக்க உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பாடத்தில் ஒரு வரி பிசகினால் அதே அண்ணாச்சிக்குச் செமத்தியாக விழும்.

நான் நயினார். கஷாய அடுப்பு என் பொறுப்பு.

அன்றைக்கு மத்தியான பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார். காலையில் யாரோ அலறியடித்துக்கொண்டு வந்து கூப்பிட, முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிருந்தார். செல்போன் வராத காலம். போனவர் வந்தால்தான் சேதி.

மடத்து வாசலுக்கு வெளியே, வைகாசி வெயிலில், ரோட்டோரத்துப் புழுதியில் ஆவுடை உட்கார்ந்திருந்தாள். மருந்து அரைக்கிறவள். பதினோரு வருஷமாக எங்கள் கல்வத்தில் குழவி உருட்டுகிற கை அவளுடையது.

"ஏளா ஆவுடை, இங்க என்ன செய்யுத?"

ஆவுடை நிமிரவில்லை. "உள்ள போய்க் கேளுங்க. உங்க ஏட்டையா சொல்லுவாரு."

"முதல்ல எந்திரி. நிழலுக்கு வா."

"வரமாட்டேன். களவாணின்னு சொல்லி இந்த வாசல்லதான் தள்ளினாங்க. இல்லன்னு இந்த வாசல்லயே வந்து சொல்லணும். அதுவரைக்கும் பச்சத்தண்ணி இறங்காது எனக்கு."

அவள் உதடு வெடித்திருந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

சொரிமுத்து கூடத்தில் விறைப்பாக நின்றார். மேலதிகாரி வந்தால் நிற்கிற நிலை அது. மூன்று வருஷம் மூலிகை இடித்தும் அந்த விறைப்பு போகவில்லை.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

"களவும்மா. கண்டுபிடிச்சாச்சு."

"என்ன களவு?"

"காலைல எட்டு மணிக்கு உள்பெட்டியைத் திறந்தேன். கோரோசனை வச்சிருந்த வெள்ளிச் சிமிழைக் காணோம்."

கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் எப்போதாவது கிடைக்கிற கல். உயிர் போகிற ஆபத்துக்கு மட்டும் அம்மா எடுக்கிற மருந்து. சொல்லாமல் அந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்பது அம்மாவே போட்ட சட்டம். அவரும் சொல்லாமல் எடுத்ததில்லை. சாவி தொங்குவது அரைக்கும் அறையில், ஆவுடையின் கல்வத்துக்கு மேலே உள்ள ஆணியில்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்றார்.

சொரிமுத்து முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அரிசி மெல்ல வச்சேம்மா."

அவர் சர்வீஸில் இருந்தபோது கற்றுக்கொண்ட வித்தை. சந்தேகப்படுகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது. விளக்கு முன்னால் வைத்த பச்சரிசியில் ஆளுக்கு ஒரு பிடி வாயில் போடச் சொல்வது. அவர் நூறு எண்ணுவார். அதுவரை மெல்ல வேண்டும். நூறு என்றதும் வாழையிலைத் துண்டில் துப்ப வேண்டும். குற்றமில்லாதவன் வாயில் எச்சில் ஊறி அரிசி கூழாகிவிடும். குற்றவாளி வாய் காய்ந்து, அரிசி அரிசியாகவே விழும்.

காலையில் மடத்தில் இருந்த ஏழு பேரையும் உட்கார வைத்தார். நானும் மென்றேன். என் இலையில் மாவு கரைத்த மாதிரி விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அப்படித்தான். ஆவுடையின் இலையில் மட்டும் உடைந்த அரிசியும் வெள்ளைப் பொடியும் உதிர்ந்தன. அவளுக்குத் துப்பக்கூட வரவில்லை. விரலை விட்டு வழித்துப் போட்டாள்.

"எடுக்காதவளுக்கு என்னளா பயம்?" என்று சொரிமுத்து கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அந்த இலையைத் தூக்கி, கூடத்தில் காத்திருந்த இருபது நோயாளிகளுக்கும் காட்டினார். பத்து மணிக்குள் சேதி பஜாருக்குப் போய்விட்டது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சர்வீஸ்ல இப்படி நாப்பத்தோரு பேரைப் பிடிச்சிருக்கேம்மா. ஒருதரம்கூடத் தப்பினதில்ல" என்றார்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஆறு பேரும் எங்க இருந்திய?"

"இங்கதாம்மா" என்றேன்.

"பதினோரு வருஷமா உங்க கூட உக்காந்து சோறு திங்குதவ. அவளை வெளிய தள்ளும்போது ஒருத்தனுக்கும் வாய் திறக்கலையா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

கொழுக்கட்டை இல்லை. அரிசியைத் துப்பியாயிற்று. வாய் காலியாகத்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா கிழக்கு ஜன்னலை ஒட்டிய பலகையில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, உக்காருங்க. போன மாசம் வாய்ப் பாடம் படிச்சமே. சொல்லுங்க."

"இப்பவாம்மா?"

"இப்பத்தான்."

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். பாடம் ஒப்பிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"உமிழ்நீர்ச் சுரப்பி பெரிசா மூணு ஜோடி. காதுக்கு முன்னால, கன்னத்துல ஒரு ஜோடி. தாடை எலும்புக்குக் கீழ் உள்பக்கமா ஒரு ஜோடி. நாக்குக்கு அடியில ஒரு ஜோடி. இது போக உதட்டுலயும் அண்ணத்துலயும் பொடிப்பொடியா நூத்துக்கணக்குல."

"காது பக்கத்துல ஊறுறது வாய்க்குள்ள எங்க வந்து விழும்?"

"மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு எதிர்ல, கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு சின்ன மேடு. அதுல ஊசிக்கண் மாதிரி ஒரு துவாரம்."

"நாக்கால தடவிப் பாருங்க."

அவர் தடவினார். நாங்களும் எங்களை அறியாமல் தடவினோம். இருந்தது. இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே இருந்த ஒன்று.

"எவ்வளவு ஊறும்?"

"ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்குக் குறையாது."

"எதுக்கு ஊறுது?"

"சோத்தை நனைச்சு உருட்டி உள்ள தள்ள. மாவை இனிப்பாக்க. பல்லைக் கழுவ. புண்ணை ஆத்த. ருசி தெரிய. பேச."

"இன்னொண்ணு விட்டுட்டியளே."

"இல்லையேம்மா, அவ்வளவுதான்."

"களவாணியைக் காட்டிக்குடுக்க?"

சொரிமுத்து விழித்தார்.

"அது எப்ப ஊறாம நிக்கும்? அதையும் படிச்சிய."

"காய்ச்சல்ல. தண்ணி இல்லாதப்போ. சில மருந்து தின்னா. வயசான காலத்துல சில பேருக்கு." இன்னொரு விரலை மடக்கினார். "கோபத்துல. பயத்துல. ஓடணும், அடிக்கணும்னு உடம்பு தயாராகும்போது சோத்து வேலையை நிறுத்தி வச்சிடும்."

"யாருக்குப் பயம் வந்தா?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பாடத்துல என்ன எழுதியிருக்கு? எடுத்தவனுக்குப் பயம் வந்தான்னா? இல்ல, யாருக்கு வந்தாலுமா?"

"யாருக்கு வந்தாலும்னுதாம்மா. ஆனா அனுபவத்துல…"

"அனுபவமா? சரி. அனுபவமாவே பாப்போம். அரிசி மிச்சம் இருக்கா?"

இருந்தது. சொரிமுத்து தட்டோடு கொண்டுவந்தார்.

"ஏழு பேரை மெல்ல வச்சிய. எட்டாவதா மெல்ல இந்த வீட்டுல நானும் ஒருத்தி இருக்கேனே. என்னையும் விசாரிங்க."

"ஐயோ, என்னம்மா இது? உங்களைப் போய்…"

"ஏன், நான் என்ன, அரிசிக்குப் பெரிய மனுஷியா? எண்ணுங்க. நயினார், நீ ஒரு எலுமிச்சம்பழம் கொண்டா."

கொண்டுவந்தேன். "என் கண்ணு முன்னால நறுக்கு" என்றார்.

நறுக்கினேன். சாறு பலகையில் தெறித்தது. அந்த வாசத்துக்கே என் காதுக்குக் கீழே சுரீரென்று இழுத்து, வாயில் நீர் கட்டிக்கொண்டது. அம்மா பழத்தைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். கோபத்தில் விம்மிக்கொண்டிருந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு ஒரு பிடி அரிசியை வாயில் போட்டார்.

சொரிமுத்து எண்ணினார். நூறு என்றதும் அம்மா இலையில் துப்பினார். கூழ். எங்கள் யாருடையதையும்விட நன்றாக மசிந்த கூழ்.

சொரிமுத்து பெருமூச்சு விட்டார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பாத்தியளா? இதுக்குத்தான் சொல்லுதேன். மனசு சுத்தமா இருந்தா அரிசி காட்டிடும்."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வெள்ளிச் சிமிழை எடுத்து, அந்தக் கூழுக்குப் பக்கத்தில் இலையில் வைத்தார்.

"எடுத்தது நான்."

வெளியே ஒரு லாரி போனது.

"குழந்தைக்கு வலிப்பு. கூப்பிட வந்தவன் கால்ல செருப்புகூட இல்லாம ஓடி வந்திருந்தான். பெட்டியைத் திறந்து, சிமிழை முடிஞ்சுகிட்டு, அவன் பின்னாலயே ஓடிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நான் போட்ட சட்டத்தை நானே மீறினேன். குத்தம்னு பாத்தா என்னோடதுதான். என் வாய் இந்தா ஈரமா இருக்கு. குத்தமே செய்யாதவ இலை எங்க?"

அந்த இலை இன்னும் விளக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஈ மொய்க்க அதில் ஒன்றும் இல்லை.

சொரிமுத்து சிமிழைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவருடைய உதடு என்னவோ முணுமுணுத்தது. முதலில் எனக்குப் புரியவில்லை.

"நாப்பத்தோரு பேர்."

அம்மா அரிசித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஒரு பால்காரன் இருந்தான்மா. சங்கிலி காணோம்னு பிடிச்சிட்டு வந்தோம். அரிசி அப்படியே விழுந்துச்சு. பேசுடான்னா நாக்கு புரளல அவனுக்கு. பேசல. பேசாததை ஒத்துக்கிட்டான்னு எழுதினேன். அவன் எடுத்திருப்பானாம்மா?"

"என்கிட்டயா கேக்குதிய? நானா மெல்ல வச்சேன்?"

"எடுத்திருப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"சொல்லமாட்டேன்."

அந்த மனுஷன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். இரக்கப்பட வேண்டிய இடம்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. வாசலில் ஒருத்தி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள், இவர் இங்கே பால்காரனுக்காக அழுகிறாரே என்றுதான் எரிந்தது. நான் மட்டும் என்ன? எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டு நின்றவன்.

அம்மா எழுந்தார். "வாங்க."

வாசலில் ஆவுடை அதே இடத்தில்தான் இருந்தாள். நிழல் நகர்ந்து அவள் முழங்கால் வரை வந்திருந்தது. அந்த நிழல்கூடத் தன் மேல் படக்கூடாது என்று காலை இழுத்து வைத்திருந்தாள். மருந்து வாங்க வந்த ஏழெட்டுப் பேர் எட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மா அவள் எதிரே புழுதியில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சிமிழை எடுத்தது நான் ஆவுடை. சொல்லாமப் போனது என் தப்பு. உன் மேல ஒரு பழியும் இல்ல."

ஆவுடை அவரை உற்றுப் பார்த்தாள்.

"சிமிழைத்தான் தேடுதாங்கன்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"உள்ள போன உடனே."

"போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

அம்மா புழுதியை விரலால் கீறினார்.

"எலுமிச்சம்பழ வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு. அண்ணாச்சி பாடம் ஒப்பிச்சதும் கேட்டுச்சு. நான் இங்க வெயில்ல வேகுதேன், நீங்க உள்ள உக்காந்து அவருக்குப் பாடம் நடத்துதிய. தெரிஞ்ச உடனே ஓடி வந்து, ஆவுடை, நீ இல்லளான்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்?"

யாரும் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லுகிறவர். அன்றைக்கு அவர் தலை குனிந்தது.

"நீ சொல்லுதது சரிதான். என் தப்பு ரெண்டு."

"ரெண்டும் இருக்கட்டும். அவரை வரச் சொல்லுங்க."

சொரிமுத்து முன்னால் வந்தார். கை கட்டி நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"நீ எடுக்கல ஆவுடை."

"கேக்கல."

"நீ எடுக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"காலைல கேட்டியளே, எடுக்காதவளுக்கு என்ன பயம்னு. அப்ப வாய் வரல, இப்பச் சொல்லுதேன். உங்க குரலுக்குத்தான் பயம். எங்க வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவனும் இதே குரல்லதான், சும்மா விசாரிக்கத்தாம்மான்னு சொன்னான். மூணாம் நாள் கொண்டாந்து போட்டாங்க. அதுக்கப்புறம் அவரு நிமிந்து நடக்கல, ரெண்டு வருஷத்துல போய்ச் சேந்துட்டாரு. நூறு எண்ணினியளே ஏட்டையா, ஒண்ணுலயே என் வாய் காஞ்சு போச்சு."

சொரிமுத்துவின் கண்கள் தரையிலேயே இருந்தன. "என்ன செய்யணும் சொல்லு. செய்யுதேன்."

"எனக்கு எதுக்குச் சொல்லுதிய? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எந்த பஜார்ல என் பேரு போச்சோ, அங்க வந்து சொல்லுங்க. நானும் வருவேன். என் காதால கேக்கணும்."

அவர் தலையாட்டினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நாக்கை உதட்டில் தடவினார். தடவ ஈரம் இல்லை.

"அம்மா, பொய் சொல்லவா போறேன்? நிஜத்தைத்தானே சொல்லப் போறேன். எனக்கு ஏன் வாய் இப்படிக் காயுது?"

"அதை நாளைக்குப் பாடத்துல கேளுங்க. இப்பப் போங்க" என்றார் அம்மா. என்னையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சொரிமுத்து முன்னால், ஆவுடை நாலடி பின்னால், நான் அதற்கும் பின்னால்.

முதலில் டீக்கடை. பெஞ்சில் ஐந்தாறு பேர். "வாங்க ஏட்டையா, களவாணியைப் பிடிச்சிட்டியளாமே" என்றார் கடைக்காரர். பின்னால் ஆவுடையைப் பார்த்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை உயரத்திலேயே நின்றது.

சொரிமுத்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இருமினார். கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். அவர் கை அதற்குப் போனது.

"சொல்லிட்டுக் குடிங்க" என்றாள் ஆவுடை.

கை இறங்கியது. மனுஷன் வறண்ட நாக்கோடு, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து எடுத்துச் சொன்னார். "ஆவுடை எடுக்கல. யாரும் திருடல. மருந்து அம்மாகிட்ட இருந்துச்சு. அரிசி மெல்ல வச்சு, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "அரிசி பொய் சொல்லுமா ஏட்டையா?" என்று கேட்டார்.

"அரிசி ஒண்ணும் சொல்லல பெரியவரே. நான்தான் சொன்னேன்."

ரேஷன் கடை வரிசையில் இரண்டாவது தடவை. அங்கே நாற்பது பேராவது இருப்பார்கள். யாரோ சிரித்தார்கள். ஒருத்தன், "சத்தமா சொல்லும், பின்னால கேக்கல" என்றான். மறுபடி சொன்னார். சிரித்தவன் பக்கம் ஆவுடை திரும்பி, "காலைல என் பேரைச் சொல்லும்போது பின்னால வரைக்கும் நல்லாக் கேட்டுச்சா?" என்றாள். சிரிப்பு நின்றது.

தெருக்குழாயில் மூன்றாவது. அங்கேதான் ஆவுடையின் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர் சொல்லி முடித்ததும் ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்பவே நான் சொன்னேன், ஆவுடை அப்படிச் செய்யமாட்டான்னு" என்று ஆரம்பித்தாள்.

"எப்பச் சொன்ன?" என்றாள் ஆவுடை. "யார்கிட்டச் சொன்ன?"

அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். எனக்கு முதுகு கூசியது. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

திரும்பி வரும்போது மணி நான்கு. மடத்து வாசலில் ஆவுடை நின்றாள். உள்ளே வருவாளா, சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவாளா என்று தெரியவில்லை. அம்மா கூடத்தில் இலை போட்டு வைத்திருந்தார். வா என்று கூப்பிடவில்லை. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நாரத்தங்காய் ஊறுகாயை ஓரத்தில் வைத்துவிட்டு எட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடை கை கால் கழுவினாள். தண்ணீரைச் செம்போடு தூக்கி மடமடவென்று குடித்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் உருண்டை உள்ளே போகவில்லை. வாயில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள். விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வந்தது. ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தாடை சட்டென்று இழுத்ததுபோல் முகத்தைச் சுளித்தாள். அதற்குப் பிறகு சோறு இறங்கியது.

அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், கோபத்தோடு, வேகவேகமாகச் சாப்பிட்டாள். ரசத்துக்கு இன்னொரு தடவை சோறு கேட்டாள். அம்மாவே எழுந்து போட்டார்.

சொரிமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்து அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சிய சத்தம் கேட்டதும், அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. கண் கலங்கி, அம்மா பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நல்லாச் சாப்பிடுதாம்மா. வாய் ஊறித்தானே சாப்பிடுதா? அப்ப மனசு ஆறிடுச்சு. என்னை மன்னிச்சிட்டா, இல்லையாம்மா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அன்று முழுக்கத் திட்டியதைவிடத் தணிந்த குரலில், அதைவிடக் கோபமாகச் சொன்னார்:

"அவளுக்குப் பசி. சாப்பிடுதா. அதையும் வாக்குமூலமா எழுதிக்கிடாதிய, அண்ணாச்சி."